தொடாமல் சிகிச்சையா? திரைவழி மறுவாழ்வு சிகிச்சைக்குக் காப்பீடு கேட்பது பற்றி

வாசகர் கேள்வி, நவம்பர் 13, 2025

பிசியோதெரபி என்பதே கை வைத்துச் செய்கிற வேலை. வீடியோ காலில் "காலைத் தூக்குங்கள், இறக்குங்கள்" என்று சொல்வதற்குக் காப்பீடு ஏன் பணம் தர வேண்டும்? கொரோனா காலத்தில் வேறு வழியில்லாமல் அனுமதித்தார்கள். அதையே நிரந்தரமாக்கச் சொல்லி மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்களே, இது நோயாளிக்கு நல்லதா, அல்லது செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு நல்லதா?

நவம்பர் 13, இரவு

அந்த மனுவில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதனால் நானே பதில் சொல்கிறேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து 14 மாதம் ஆகிறது. மூளையின் இடது பக்கம். வலது கை, வலது கால் இரண்டும் வலுவிழந்தன. கூடவே பேச்சும் போயிற்று. நாம் சொல்வது புரிகிறது, சொல்ல நினைப்பது வாயில் வருவதில்லை. அஃபேசியா என்கிறார்கள்.

முதல் 5 வாரம் மையத்துக்குக் கூட்டிப்போனேன். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், நடுவில் 40 நிமிடப் பயிற்சி. ஏற்றி, இறக்கி, காத்திருந்து உள்ளே போய் உட்காரும்போது அம்மாவுக்குக் கண் சொருகும். காலையில் வீட்டில் தானாகச் சொன்ன வார்த்தை அங்கே வராது. ஆறாவது வாரம் அதே ஸ்பீச் தெரபிஸ்ட், "வீட்டிலிருந்தே பார்க்கலாமா?" என்று கேட்டார். முதல் நாள் அம்மா அவர் முகத்தைத் திரையில் பார்த்துச் சிரித்தார். அன்று 40 நிமிடமும் விழித்திருந்தார்.

என் வீட்டுக் கதை மட்டும் போதாது என்பீர்கள். சரி. பக்கவாதத்துக்குப் பிந்தைய தொலைவழிச் சிகிச்சை பற்றி 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு 22 சோதனைகளை, 1,937 நோயாளிகளை எடுத்துப் பார்த்தது. குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் நேரில் சிகிச்சை பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. சான்றின் உறுதி நடுத்தரம் அல்லது குறைவு என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அதை மறைத்துவிட்டு ஆதரவு திரட்ட எனக்கு விருப்பமில்லை.

2019இல் ஜமா நியூராலஜி என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு இன்னும் நேரடியானது. 124 பேர், 11 மையங்கள். கை வலுவிழந்தவர்களுக்கு ஒரே பயிற்சியை ஒரே அளவில் கொடுத்தார்கள். 70 நிமிடம் வீதம் 36 அமர்வு, பாதிப் பேருக்கு மையத்தில், மீதிப் பேருக்கு வீட்டில். வீட்டில் செய்தவர்கள் பின்தங்கவில்லை.

நவம்பர் 14

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அந்த 124 பேர் ஆய்வை நான் சொன்ன விதம், ஆளுக்கொரு கைபேசி கொடுத்தால் போதும் என்று நினைக்க வைத்துவிடும். அப்படி இல்லை. கணினி, மேசை, கையால் இயக்கும் விளையாட்டுக் கருவிகள் என்று ஒரு முழுத் தொகுப்பையே வீட்டுக்குக் கொடுத்தார்கள். அமர்வுகளில் பாதி தெரபிஸ்ட் மேற்பார்வையில், பாதி நோயாளி தனியாக. ஆகவே "வீட்டிலும் அதே பலன்" என்று நாம் கேட்கும்போது கருவியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். எங்கள் மனுவில் கருவி பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்று காலைதான் கவனித்தேன்.

நவம்பர் 16

"தற்காலிகமாக அனுமதித்ததை ஏன் நிரந்தரமாக்க வேண்டும்?" என்று கேட்டீர்கள். தற்காலிகம் என்றால் நோயாளிக்கு என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள்.

அங்கே மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதைக் கடந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு. தொலைவழிச் சிகிச்சைக்கு யார் யார் பணம் கோரலாம் என்று சட்டத்திலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. மருத்துவர், செவிலியரில் சில வகையினர், உளவியலாளர், உணவியல் வல்லுநர் எல்லாம் அதில் உண்டு. பிசியோதெரபிஸ்ட், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட் மூவரும் இல்லை. 2020இல் பெருந்தொற்றை முன்னிட்டு இவர்களுக்கும் கதவு திறந்தது. அதன் பிறகு நடந்ததெல்லாம் தவணை நீட்டிப்பு. 2024 டிசம்பர் 31 வரை என்றார்கள். அப்புறம் 2025 மார்ச் 31. அப்புறம் செப்டம்பர் 30.

2025 அக்டோபர் 1 அன்று நீட்டிப்பு இல்லாமலே கெடு முடிந்தது. நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் அந்நாட்டு அரசு முடங்கிக் கிடந்த 6 வாரமும் தெரபிஸ்ட்கள் முன் இருந்தது ஒரே கேள்விதான்: பணம் வருமா என்று தெரியாமல் நோயாளியைப் பார்ப்பதா, நிறுத்துவதா? நவம்பர் 12இல் முன்தேதியிட்டு நீட்டித்துவிட்டார்கள். அப்போது வைத்த புதிய கெடு 2026 ஜனவரி 30.

முன்தேதியிட்டுப் பணம் கொடுத்துவிடலாம், போன 6 வாரத்தை முன்தேதியிட்டுத் திருப்பித் தர முடியாது. பக்கவாதம் வந்தவர்களுக்கு முதல் சில மாதங்களில்தான் மீட்சி வேகமாக நடக்கும். நான்காவது மாதத்தில் இருக்கும் ஒருவருக்கு 6 வாரம் என்பது என்ன என்று அதன் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மூன்று தெரபிஸ்ட்களையும் பட்டியலில் சேர்க்கும் மசோதா ஒன்று அங்கே 2021 முதல் மீண்டும் மீண்டும் அறிமுகமாகிறது. இன்னும் சட்டமாகவில்லை.

நவம்பர் 19

கேள்வி கேட்ட நண்பருக்கு ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

ஜனவரியில் ஒரு நாள், வீடியோவில் பிசியோ பயிற்சி. நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது, 10 முறை. கைபேசியை அலமாரி மேல் சாய்த்து வைத்திருந்தேன், அம்மாவின் முகமும் மார்பும்தான் அதில் தெரியும். ஏழாவது முறை எழும்போது வலது பாதம் உள்பக்கமாக மடங்கியது. தெரபிஸ்டுக்கு அது தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அம்மா சாய்ந்தபோது நான் பாய்ந்து வலது கையைப் பிடித்து இழுத்தேன். விழாமல் தடுத்துவிட்டேன். அதன் பிறகு மூன்று வாரம் அம்மாவுக்குத் தோள்வலி.

பக்கவாதம் வந்த பக்கத்துத் தோளில் தசை தளர்ந்திருக்கும், எலும்பு கிண்ணத்திலிருந்து சற்றுக் கீழே இறங்கியும் இருக்கலாம். அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, அக்குளில் கை கொடுத்தும் தூக்கக் கூடாது. இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி அதைத்தான் பிடிக்க வேண்டும். இது எனக்கு விபத்துக்குப் பிறகு சொல்லப்பட்டது. முன்பே சொல்ல யாருக்கும் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

அன்றைக்கு நேரில் இருந்திருந்தால் தெரபிஸ்ட் அந்தப் பாதத்தைப் பார்த்திருப்பார். அதனால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. முதல் மதிப்பீடு நேரில் நடக்க வேண்டும். தசை எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைக் கை வைத்து அசைத்துப் பார்த்தால்தான் தெரியும். நின்று செய்யும் பயிற்சிக்குப் பக்கத்தில் பழகிய ஆள் வேண்டும். இதையெல்லாம் நான் ஏற்கிறேன். "அதனால் வீடியோவே வேண்டாம்" என்ற முடிவை மட்டும் ஏற்க மாட்டேன்.

நவம்பர் 20

ஒருவர் கேட்டிருந்தார்: இணையம் சரியாக இல்லாத வீட்டில் வெறும் போன் பேச்சையும் சிகிச்சையாகக் கணக்கில் எடுக்கலாமா? எடுக்க வேண்டும் என்பேன், எல்லாவற்றுக்கும் அல்ல. பயிற்சி எப்படிப் போகிறது, வலி எங்கே, அடுத்த வாரம் எதை மாற்றுவது என்பதைப் போனில் பேசலாம். நடையைப் போனில் பார்க்க முடியாது.

நவம்பர் 23

பேச்சுப் பயிற்சி பற்றி இன்னும் விரிவாகச் சொல்லச் சொன்னார்கள். இதைப் பற்றி எழுத எனக்கு எப்போதும் ஆசை.

அம்மாவுக்கு ஒரு சொல் வராதபோது தெரபிஸ்ட் அதன் முதல் ஒலியை மட்டும் எடுத்துக் கொடுப்பார். தம்ளர் படத்தைக் காட்டி "த..." என்பார். அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு அம்மா "தண்ணி" என்று முடிப்பார். இது சரியான நொடியில் வர வேண்டும். அம்மா தேடத் தொடங்கி, அலுத்துப்போவதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அதற்குள் கொடுத்தால் சொல் வரும். இணையம் ஒரு நொடி தாமதித்தால், தெரபிஸ்ட் கொடுத்த ஒலியும் அம்மா அதற்குள் தொடங்கிய வேறு ஒலியும் மோதிக்கொள்ளும். இரண்டும் குழம்பி அம்மா கண்ணை மூடிக்கொள்வார். அதற்கு மேல் அன்றைக்குப் பயிற்சி கிடையாது.

இன்னொன்றைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று. சத்தமான வீட்டில் பேசுவதற்காக, பின்னணி இரைச்சலை வடிகட்டும் வசதி வீடியோ செயலிகளில் இருக்கிறது. அம்மாவின் தயங்கிய, பாதி உருவான ஒலிகளை அது இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிட்டது. "அம்மா இன்று ஒன்றுமே சொல்லவில்லையே" என்று தெரபிஸ்ட் கேட்டபோது, பக்கத்தில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்தது. அமைப்பில் போய் அதை அணைத்தோம். அடுத்த அமர்வில் தெரபிஸ்ட் வியந்துபோனார்.

அப்புறம் கண்ணாடிப் பிம்பம். திரையில் நம் உருவம் இடவலம் மாறித் தெரியும். "வலது கை" என்றதும் அம்மா திரையைப் பார்த்துக் குழம்பினார். தன் உருவத்தை மறைக்கும் பொத்தானை அழுத்தியதோடு சரியாயிற்று.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2022இல் தொலைமருத்துவ அணுகல் தரநிலை ஒன்றை வெளியிட்டன. காது கேளாதவர்களுக்கு வசன வரி, பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பான், சைகைமொழிபெயர்ப்பாளருக்குத் திரையில் இடம் என்று மருத்துவச் செயலிகளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. தரநிலை என்பது ஒரு நாடு ஏற்று விதியாக்கினால்தான் உயிர் பெறும். மனு எழுதுபவர்கள் அதை மேற்கோள் காட்டிக் கேளுங்கள், "எங்கள் வசதிக்காகக் கேட்கிறோம்" என்று யாரும் தள்ளிவிட முடியாது.

நவம்பர் 27

காப்பீடு. இதற்குத்தான் எல்லோரும் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

26 வீடியோ அமர்வுகளுக்கான கிளெய்மை எங்கள் காப்பீட்டு நிறுவனம் நிராகரித்தது. காரணம், படிவத்தில் "சிகிச்சை நடந்த இடம்" என்ற கட்டத்தில் மருத்துவமனை, மையம், வீட்டு வருகை என்று மூன்றுதான் இருக்கின்றன. தெரபிஸ்ட் தன் மையத்தில் இருந்தார், அம்மா வீட்டில் இருந்தார். நான் "வீட்டு வருகை" என்று குறித்தேன். தெரபிஸ்ட் வரவில்லையே என்றார்கள். "மையம்" என்று மாற்றிக் கொடுத்தேன். நோயாளி அங்கே போகவில்லையே என்றார்கள். சிகிச்சை தேவையா, பலன் தந்ததா என்பது பற்றி ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை.

மேல்முறையீட்டில் நான் செய்தவை பிறருக்கு உதவலாம். முதலில், எந்த விதியின் கீழ் நிராகரித்தார்கள் என்பதை எழுத்தில் கேட்டேன். போனில் சொன்னதை வைத்து வாதாட முடியாது. பதில் வர 19 நாள் ஆயிற்று. பாலிசி ஆவணத்தில் "தொலைவழி" என்ற சொல்லே இல்லை, விலக்குப் பட்டியலிலும் இல்லை. விலக்காத ஒன்றை விலக்கியிருக்கிறார்கள் என்பதே என் முதல் வாதம். அடுத்து, தெரபிஸ்டிடம் வெறும் "தேவை" என்ற சான்றுக்குப் பதிலாக அளவுகளோடு கடிதம் கேட்டேன். தொடக்கத்தில் 20 படங்களில் 3க்குப் பெயர் சொன்னவர், 26ஆவது அமர்வில் 13க்குச் சொன்னார். மூன்றாவதாக, என் நோட்டு. ஒவ்வொரு அமர்வும் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், என்ன செய்தோம், எங்கே இணைப்பு அறுந்தது என்று தேதியோடு எழுதி வைத்திருந்தேன். காப்பீட்டுக்காக எழுதியது அல்ல, அம்மாவுக்காக எழுதியது. கடைசியில் அதுதான் கை கொடுத்தது.

நவம்பர் 30

"எல்லா இடத்திலும் வீடியோவுக்கும் நேருக்கும் ஒரே கட்டணம் என்று ஆக்கிவிட்டால், தொலைதூரத்து மையங்களை மூடிவிடுவார்கள், ஏழைகளுக்குத் திரை, வசதியுள்ளவர்களுக்குக் கை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டு இரவு இதை யோசித்தேன். பயப்பட வேண்டிய விஷயம்தான். அதைவிட அருகில் இருக்கும் ஆபத்து இன்னொன்று. பதிவு செய்த உடற்பயிற்சிக் காணொளிகளை ஒரு செயலியில் போட்டுவிட்டு, "தொலைவழிச் சிகிச்சை கொடுத்துவிட்டோம்" என்று கணக்குக் காட்டுவது. மறுபக்கம் ஆள் இல்லாத காணொளிக்கு அம்மாவின் பாதம் மடங்கியது தெரியாது, எந்த ஒலியை எப்போது எடுத்துக் கொடுப்பது என்றும் தெரியாது.

எங்கள் மனுவின் முதல் வரி "தொலைவழிச் சிகிச்சையை நேரடிச் சிகிச்சைக்கு இணையாக அங்கீகரிக்க வேண்டும்" என்று இருந்தது. அதை மாற்றச் சொல்லிக் குழுவில் கேட்டிருக்கிறேன். "தகுதி பெற்ற தெரபிஸ்ட் நேரலையில் தரும் சிகிச்சை" என்று வர வேண்டும். "நோயாளி நேரில் சிகிச்சை கேட்டால் மறுக்கக் கூடாது" என்றும் வர வேண்டும். இரண்டாவது வரி இல்லாமல் முதல் வரி போனால் நானே கையெழுத்தைத் திரும்பப் பெறுவேன் என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 3

இன்று மாற்றுத்திறனாளிகள் தினம். ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 26ஆம் பிரிவை எடுத்துப் படித்தேன். மறுவாழ்வுச் சேவைகள் முடிந்த அளவு சீக்கிரம் தொடங்க வேண்டும், மக்கள் வாழும் இடத்துக்கு முடிந்த அளவு அருகில் கிடைக்க வேண்டும், கிராமப்புறங்களும் இதில் அடங்கும் என்று 2006இலேயே எழுதிவிட்டார்கள். மனுவின் தலைப்பில் இதைப் போடுவோம். சலுகை கேட்கும் தொனி போய்விடும்.

டிசம்பர் 6

எத்தனை பேருக்கு இது தேவைப்படும் என்று மாணவர் ஒருவர் கேட்டார். 2020 டிசம்பரில் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்குப்படி, மறுவாழ்வுச் சிகிச்சையால் பலன் பெறக்கூடிய நோயோ காயமோ உள்ளவர்கள் 2019இல் 241 கோடிப் பேர். உலகில் மூன்றில் ஒருவர். பக்கவாதம் மட்டும் இல்லை, முதுகுவலியும் மூட்டுத் தேய்வும் காது கேளாமையும் இதில் உண்டு. மறுபக்கம், குறைந்த, நடுத்தர வருமானம் உள்ள சில நாடுகளில் 10 லட்சம் மக்களுக்குப் பயிற்சி பெற்ற மறுவாழ்வுப் பணியாளர்கள் 10 பேர்கூட இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2023 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை மறுவாழ்வுக்கென்றே தனித் தீர்மானம் நிறைவேற்றியது.

10 பேரைத் திரையில் கொண்டுவந்தாலும் அவர்கள் 10 பேர்தான். ஆள் எண்ணிக்கையைக் கூட்டாமல் திரையை மட்டும் கூட்டினால் வரிசை வேறிடத்துக்கு நகரும், அவ்வளவுதான்.

உரிமம் பற்றியும் கேட்டார். இது பெரிய முடிச்சு. தெரபிஸ்ட் இருக்கும் இடத்தின் உரிமம் பொருந்துமா, நோயாளி இருக்கும் இடத்தினுடையதா? அமெரிக்காவில் நோயாளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் வேண்டும், அதற்காக மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. இந்தியாவில் 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் பதிவு பெற்ற மருத்துவர்களுக்கானது, தெரபிஸ்ட்களை அது தொடவில்லை. பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி உள்ளிட்ட துறைகளுக்கு 2021இல் தனிச் சட்டம் வந்தது.

டிசம்பர் 10

நான் இத்தனை நாள் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருந்தது எதைப் பற்றி என்று இன்றுதான் பிடிபட்டது.

கருவி, இணையம், உரிமம், கட்டணம் எல்லாவற்றையும் பேசினோம். கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. வீடியோ சிகிச்சையில் தெரபிஸ்டின் கை என்பது வீட்டிலிருப்பவரின் கை. அந்தக் கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு நிமிடம்கூட எந்தக் கணக்கிலும் இல்லை. நவம்பர் 19 குறிப்பை மறுபடி படித்துப் பாருங்கள். அன்று கேமராவை எங்கே வைப்பது, எங்கே பிடிப்பது என்று யாராவது அரை மணி நேரம் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் அம்மாவின் தோளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த விபத்தைத் திரையின் குறை என்று எழுதினேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

மெடிகேரில் 2024 ஜனவரி 1 முதல் இதற்கு வழி வந்திருக்கிறது. பராமரிப்பவருக்குத் தெரபிஸ்ட் பயிற்சி கொடுத்தால் அதற்கெனத் தனிக் குறியீடு, 97550. முதல் 30 நிமிடத்துக்கு அது, கூடுதல் நேரத்துக்கு அடுத்த எண். நோயாளி பக்கத்தில் இல்லாத நேரத்தில் கொடுக்கும் பயிற்சிக்கென்றே வந்த குறியீடு அது. வேறு எதைக் காப்பியடிக்காவிட்டாலும் இதைக் காப்பியடிக்கலாம்.

வேலைக்குப் போகிற மகனோ மகளோ பகலில் வீட்டில் இல்லாத குடும்பத்துக்கும் தனியாக வாழ்பவருக்கும் இது போதாது. அவர்களுக்குப் பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து, தெரபிஸ்ட் திரையில் இருந்து வழிநடத்துவதுதான் சரி. இதையும் மனுவில் சேர்த்தாயிற்று.

டிசம்பர் 12

கேள்வி கேட்ட நண்பர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார். அவர் பிசியோதெரபிஸ்ட்டாம், 20 வருடமாகக் கை வைத்துப் பார்ப்பவர். "நீங்கள் தோளைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு, என்னிடம் வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதல் நாளே இடுப்புப் பட்டை பிடிக்கச் சொல்லித் தருகிறேன்" என்றார். மனுவில் கையெழுத்துப் போடவில்லை. பரவாயில்லை. இடுப்புப் பட்டை என் கையெழுத்தைவிடப் பெரியது.

டிசம்பர் 17

மேல்முறையீட்டுக்குப் பதில் வந்தது. 26 அமர்வுகளில் 22ஐ ஏற்றிருக்கிறார்கள். மீதி 4, தெரபிஸ்ட் எனக்குப் பயிற்சி கொடுத்தவை: தோள் விஷயம், இடுப்புப் பட்டையைப் பிடிப்பது, படுக்கையில் புரட்டுவது, சொல்லை எடுத்துக் கொடுப்பது. "காப்பீடு பெற்றவருக்கு அளிக்கப்பட்ட சிகிச்சை அல்ல" என்று எழுதியிருக்கிறார்கள். விதி எண் இந்த முறை கொடுத்திருக்கிறார்கள்.

கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 22 என்றதும் விரலால் மேசையைத் தட்டி, "மீதி?" என்றார். யாரும் முதல் ஒலியை எடுத்துக் கொடுக்கவில்லை.

அந்த 4க்கு இன்று இரவு எழுதத் தொடங்குகிறேன். பராமரிப்பவர் பயிற்சிக்கு உங்களில் யாருக்காவது கிளெய்ம் மறுக்கப்பட்டிருந்தால், மறுத்த வாசகத்தை அப்படியே இங்கே இடுங்கள். பெயரும் பாலிசி எண்ணும் வேண்டாம், வாசகம் மட்டும் போதும்.